ஒற்றைக் கண் பதில்கள்

போன இதழில் தலைப்பில்லாமல் ஒரு படம் போட்டோம். கறுப்பு வெள்ளைப் பட்டைகள், நடுவில் ஒரு வளைவு. வரிக்குதிரை என்றார் ஒருவர். பியானோ என்றார் இன்னொருவர். அச்சுக்கூடத்தில் மை கொட்டிவிட்டதா என்று கவலைப்பட்டார் மூன்றாமவர். அது பழைய வண்ணாரப்பேட்டையில் காலை ஏழரை மணிக்கு விழுந்த ஒரு இரும்புக் கதவின் நிழல். வளைவு, அந்த நேரம் பார்த்துக் கடந்துபோன பால்காரரின் தோள். அதற்குப் பிறகு வந்த தபால் எல்லாம் இதைப் பற்றியே. ஆகவே இந்த முறை தெருப் படமும் அதன் கண்மயக்கும் மட்டும்.

கே: தெருவில் படம் எடுக்க என்ன இருக்கிறது? குப்பை, நாய், டிராஃபிக். (மன்னார்குடி)

ப: மூன்றுக்கும் பெயர் சொல்லிவிட்டீர்கள், அதனால்தான் ஒன்றும் கண்ணில் படவில்லை. 'நாய்' என்று சொன்ன மறுகணமே கண் கடையைச் சாத்திவிடும். பெயரை ஒரு நிமிடம் தள்ளி வையுங்கள். நாய் ஒரு வளைவு, குப்பை ஒரு நிறக்குவியல், டிராஃபிக் ஒரு நெசவு. பெயர் மறக்கத் தெரிந்தவருக்குத்தான் வடிவம் தெரியும்.

கே: அரூபம் என்றால் யாருக்கும் புரியாதது என்றுதானே அர்த்தம்? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: உங்கள் வாசலில் போடும் சிக்குக் கோலம் எந்தப் பொருளைக் காட்டுகிறது? ஒரு கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்கிறது. 'புரியவில்லை' என்று எந்தப் பாட்டியும் அதைத் தாண்டிப் போனதில்லை. அரிசிமாவில் இருக்கும்வரை ரசிக்கிறோம், கண்ணாடிச் சட்டத்துக்குள் போனதும் மிரளுகிறோம்!

கே: இந்த வகைப் படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார்? (உடுமலைப்பேட்டை)

ப: ஒருவர் பெயர்தான் சொல்லவேண்டும் என்றால், பால் ஸ்ட்ராண்ட். 1915, நியூயார்க், வால் ஸ்ட்ரீட். காலைச் சாய்வெயில். புத்தம் புதிதாக எழுந்து நிற்கும் மோர்கன் வங்கிக் கட்டடம். சுவரில் வரிசையாக ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு பெரிய செவ்வகக் குழிகள், உள்ளே கரி இருட்டு. கீழே வேலைக்குப் போகிறவர்கள், நீண்ட நிழலை இழுத்துக்கொண்டு.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கறுப்புச் செவ்வகங்கள், அடியில் சில கீற்றுகள். கண்ணைத் திறந்து பார்த்தால் பணம் எவ்வளவு பெரியது, சம்பளக்காரர் எவ்வளவு சிறியவர் என்று தெரிகிறது. நூறு வருடம் தாண்டியும் அந்தப் படத்தின் முன் எனக்கு முதுகு சில்லிடுகிறது. கோலத்தைத் தேடித் தெருவுக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

கே: என்னிடம் போன் மட்டும்தான். போதுமா? (ஈரோடு)

ப: கண்மயக்குக்குப் போன்தான் ராஜா. அதன் உள்ளே படம் பதியும் சில்லு சுண்டுவிரல் நகம் அளவுதான். அதனால் பக்கத்துக் கம்பமும் தூரத்துக் கோபுரமும் இரண்டுமே கூர்மையாக விழும், ஒரே தாளில் வெட்டி ஒட்டினது போல. மயக்கத்துக்கு முதல் தேவை அதுதான். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். அது கல்யாண ஆல்பத்துக்கு.

கே: நேரில் தெரியாத மாயம் படத்தில் மட்டும் எப்படி வருகிறது? (விருதுநகர்)

ப: உங்களுக்கு இரண்டு கண். இடையில் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டும் தனித்தனியே பார்த்ததை மூளை ஒப்பிட்டுத் தூரத்தை அளந்துவிடுகிறது. கேமரா ஒற்றைக் கண்ணன். அதற்குத் தூரம் தெரியாது, ஓரம்தான் தெரியும். அதனால்தான் மாமாவின் தலையில் பின்னால் நிற்கும் தென்னை முளைக்கிறது.

படம் எடுக்கும்முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மயக்கம் அப்போதே தெரிந்துவிடும். எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மூடுங்கள். கண்ணடித்த வழக்குக்கு இந்தப் பகுதி சாட்சி சொல்லாது.

கே: மாமல்லபுரத்தில் எல்லாரும் வெண்ணெய்ப் பந்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா? (செங்கல்பட்டு)

ப: சேரும், ஒன்றாம் வகுப்பில். பீசா கோபுரத்தடியிலும் இதே பாடம்தான் தினமும் நடக்கிறது.

மேல்வகுப்பு ரோமாபுரியில் இருக்கிறது. ஸ்பாடா மாளிகையில் பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் ஒரு நடைக்கூடம் கட்டினார். நீளம் ஒன்பது மீட்டர்கூட இல்லை. பார்த்தால் நாலு மடங்கு. தரை ஏறுகிறது, கூரை இறங்குகிறது, தூண்கள் போகப் போகக் குள்ளமாகின்றன. கோடியில் நிற்கும் சிலை ஆளுயரம் போலத் தெரியும். கிட்டப் போனால் அரையாள்கூட இல்லை. அங்கே போஸ் கொடுக்கத் தேவையில்லை. சும்மா நடந்தால் போதும், ஆள் ராட்சசனாகிவிடுவார்.

கே: ஒரே தெருவை எடுத்த ஒரே படத்தை இரண்டு பிரதி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று அதிகம் சாய்ந்திருக்கிறது. பிரிண்ட் போட்ட கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (பொள்ளாச்சி)

ப: அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள். 2007இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீசா கோபுரப் படத்தை இப்படி இரட்டையாக வைத்து, அந்த ஆண்டின் சிறந்த கண்மயக்குப் பரிசையே வாங்கினார்கள். நிஜத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு நேர்க்கோபுரங்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவது போலத் தெரியவேண்டும். படத்தில் நெருங்கவில்லை. 'அப்படியானால் ஒன்று சாய்ந்திருக்கிறது' என்று மூளை தீர்ப்பு எழுதிவிடுகிறது. சாட்சி சரி, தீர்ப்புதான் தப்பு.

கே: நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போட்டபோது எனக்குத் தலை சுற்றியது. எனக்கு மட்டும்தானா? (திருவல்லிக்கேணி)

ப: துணைக்கு நிறையப் பேர் உண்டு. 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்காகப் பாலம் முழுவதும் கறுப்பு வெள்ளையானது. கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் ஓரங்களைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கும் நரம்பணுக்கள் ஏராளம். கட்டம் போட்ட பாலம் என்றால் அவற்றுக்குத் தீபாவளி.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் மைக்கேல்ஸ் ஹில் என்ற மேட்டுத் தெருவில் ஒரு காப்பிக்கடை. சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக ஓடுகள், வரிசைக்கு வரிசை சற்று நகர்த்திப் பதித்தவை, நடுவே சாம்பல் நிறப் பூச்சு. கோடுகள் எல்லாம் நேர்தான். பார்த்தால் ஆப்பு போலக் கோணிக் கிடக்கும். ரிச்சர்ட் கிரிகரி என்ற பார்வையியல் மேதையின் ஆய்வுக்கூட ஆள் ஒருவர்தான் இதைக் கவனித்துச் சொன்னார். கிரிகரியும் பிரிசில்லா ஹேர்டும் 1979இல் கட்டுரையாக்கினார்கள். காப்பிக்கடைச் சுவர் மயக்கம் என்றே அதற்குப் பெயர்.

ஆய்வுக்கூடத்தில் தேடின விடை காப்பிக்கடையில் கிடைத்தது. நம் ஆட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. எல்லா விடையும் டீக்கடையில்தானே கிடைக்கிறது!

கே: கிழிந்த சுவரொட்டியைப் போய்ப் படம் எடுக்கிறார்களே, அதில் என்ன அழகு? (மதுரை)

ப: மதுரைக்காரர் கேட்கிற கேள்வியா இது! உலகத்திலேயே கெட்டியான சுவரொட்டி அடுக்கு உங்கள் ஊரில்தான் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். தேர்தல் மேல் சினிமா, சினிமா மேல் காதணி விழா, அதன் மேல் கண்ணீர் அஞ்சலி. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் பத்து வருட அரசியல் பசையோடு வரும்.

பாரிஸில் 1949இல் ரேமோன் ஹேன்ஸ், ஜாக் வில்லெக்லே என்ற இரண்டு நண்பர்கள் தெருச் சுவரில் கிழிந்து தொங்கிய சுவரொட்டிகளை அப்படியே உரித்துக்கொண்டுபோய்க் கலைப்பொருளாக்கினார்கள். அரை எழுத்து, கால் முகம், ஒரு சிவப்புக் கீற்று. வரைந்தது யார்? ஊரே சேர்ந்து வரைந்தது.

அமெரிக்காவில் ஆரன் சிஸ்கிண்ட். முதலில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதி மக்களைப் படம் எடுத்தவர், 1940களில் சுவர் பக்கம் திரும்பினார். உரிந்த வண்ணம், வெடித்த பூச்சு, தார்க் கறை. அவருடைய நண்பர் ஃபிரான்ஸ் கிளைன் அகலத் தூரிகையால் கறுப்பு வண்ணம் இழுத்த ஓவியர். இருவர் வேலையையும் அருகருகே வைத்தால் எது தூரிகை, எது கேமரா என்று தடுமாறுவீர்கள்.

அவர்களுக்கும் முன்னால் பிரசாய் என்ற புகைப்படக்காரர். 1930களில் பாரிஸ் சுவர்களில் ஆணியாலும் கத்தியாலும் கீறின முகங்களைத் தேடி அலைந்தார். பிடித்த சுவரின் முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்ப்பார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போல. நான் மதுரையில் இருந்தால் ஒரே ஒரு சுவரைத் தத்தெடுத்து மாதம் ஒரு படம் எடுப்பேன். நீங்கள் இருக்கிறீர்கள், செய்யுங்கள்.

கே: என் மகள் பஸ், ஆட்டோ, மின்பெட்டி எல்லாவற்றிலும் முகம் தெரிகிறது என்கிறாள். டாக்டரிடம் காட்டவேண்டுமா? (நாகர்கோவில்)

ப: கேமராவைக் காட்டுங்கள். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும். மூளை ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் 'முகம்' என்று கூவிவிடும். 1976இல் வைக்கிங் விண்கலம் செவ்வாயில் எடுத்த ஒரு மலை, சாய்வெயிலில் அச்சு அசலாக மனித முகம். வெளிச்சம் செய்த விளையாட்டு என்று நாசா அன்றே சொன்னது. உலகம் கேட்கவில்லை. 2001இல் தெளிவான படம் வந்தது: வெறும் மேடு. மகளுக்குத் தெரிவது நோய் இல்லை, வரம். பெரியவர்கள் 'மின்பெட்டி' என்று பெயர் சொல்லியே அதைத் தொலைத்துவிடுகிறோம்.

கே: பஸ்ஸின் எல்இடி பலகையைப் படம் எடுத்தால் பாதி ஊர்தான் வருகிறது. உக்கடம் 'கடம்' ஆகிவிட்டது. (கோவை)

ப: அந்தப் பலகையில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக, அதிவேகமாக மாற்றி மாற்றி எரிகின்றன. கண் மெதுவானது, எல்லாவற்றையும் சேர்த்து 'உக்கடம்' என்று படிக்கிறது. போன் வேகமானது, அந்த நொடியில் எரிந்ததை மட்டும் எழுதிக்கொள்கிறது. ஓடும் மின்விசிறியைப் போனில் எடுத்தால் இறக்கை வாழைப்பழமாக வளைவதும் இதற்குத் தம்பி முறை. போன் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது.

1910களில் ஜாக் ஆன்ரி லார்த்தீக் என்ற பதின்வயதுப் பையன் பிரான்ஸில் கார் பந்தயத்தை எடுத்தான். காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினான். ஷட்டரின் பிளவு மெல்ல இறங்கியது. விளைவு: சக்கரம் முட்டையாகி முன்னால் சாய்கிறது, நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பின்னால் சாய்கிறார்கள். கார் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடுவது போல இருக்கும். உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க 1963 ஆயிற்று. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் கண்காட்சி வைத்தது. உங்கள் 'கடம்' படத்தை அழித்துவிடாதீர்கள்.

கே: இரண்டு கொசுவலை ஒன்றன்மேல் ஒன்று தொங்கினால் அலை அலையாக ஏதோ ஓடுகிறதே? (சீர்காழி)

ப: கொசு இல்லை, பயப்படவேண்டாம். இரண்டு நெருக்கமான கட்டங்கள் லேசாகப் பிசகிப் படிந்தால் மூன்றாவதாக ஒரு பெரிய வடிவம் பிறக்கும். மோய்ரே என்பார்கள். அலையோடும் பட்டுத் துணிக்கு வைத்த பிரெஞ்சுப் பெயர் அது. பாலத்தின் இருபக்கக் கம்பித் தடுப்பை ஓடும் ரயிலிலிருந்து பாருங்கள், அதே அலை கூடவே ஓடிவரும். எந்தக் கம்பியிலும் அந்த அலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கே: கடைக்குள் மெரூன் என்று எடுத்த புடவை வீட்டுக்கு வந்ததும் பிரவுன். (தி.நகர்)

ப: அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் புடவையை வாசலுக்குத் தூக்கி வந்து வெயிலில் பார்க்கிறார்கள். கண் அறிவியலை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015இல் ஒரே ஒரு கவுன் படத்தை வைத்து, நீலமும் கறுப்பும் என்று பாதி உலகம், வெள்ளையும் தங்கமும் என்று மீதி உலகம் சண்டை போட்டது. கவுன் நீலம்-கறுப்பு. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று மூளை போட்ட ஊகம்தான் ஆளுக்கு ஆள் மாறியது. வாசலுக்குக் கொண்டுபோக முடியாத புடவை அது, பாவம்.

கே: மழை பெய்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடலாமா? (கொடைக்கானல்)

ப: சால் லைட்டர் உங்களை மன்னிக்கமாட்டார். பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா யூத சமய அறிஞர். மகனும் அந்த வழியில் வருவான் என்று எதிர்பார்த்தார். மகன் 23 வயதில் சமயப் பள்ளியை விட்டு, ஓவியனாக நியூயார்க் போய்விட்டான்.

அங்கே தன் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் கேமராவோடு நடந்தார். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உருவம். பலகை இடுக்கில் ஒரு துண்டுத் தெரு. பனியில் ஒரு சிவப்புக் குடை. படத்தில் முக்கால்வாசி இடம் இருட்டாகவோ மங்கலாகவோ இருக்கும்; மீதிக் கால்வாசியில் உயிர் இருக்கும். மலிவாகக் கிடைக்கும் என்று காலாவதியான வண்ண பிலிமை வாங்கிப் போடுவார். நிறம் கொஞ்சம் பிசகி வரும். அந்தப் பிசகை அவர் காதலித்தார்.

1950களில் எடுத்த அந்த வண்ணப் படங்கள் புத்தகமானது 2006இல். அவருக்கு வயது 82. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த மனிதர் அவர்தான், இதைச் சொல்வதற்காகவே உங்கள் கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன். கொடைக்கானலில் வருடத்தில் பாதி நாள் கண்ணாடியில் ஆவி படிகிறது. துடைக்காதீர்கள்!

கே: முழங்கால் வலி. மாடியை விட்டு இறங்க முடியாது. எனக்குத் தெருப் படம் உண்டா? (சேலம்)

ப: ஆந்த்ரே கெர்தேஸ் என்று ஒரு ஹங்கேரிக்காரர். 1952இல் நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தைப் பார்த்தபடி பன்னிரண்டாம் மாடியில் குடிபுகுந்தார். அங்கிருந்தே எடுத்தார். 1954 குளிர்காலத்தில் கீழே பூங்கா முழுக்கப் பனி. கறுப்பு மரக்கிளைகள், வெள்ளையில் வளையும் பாதை, குட்டியாக ஒரே ஒரு மனிதர். சீன மசி ஓவியம் தோற்றது. சேலத்தில் பனி கிடைக்காது. மழை விட்ட ரோட்டில் குடைகள் போகும். மேலிருந்து பார்த்தால் குடைக்குக் கால் கிடையாது, வட்டம் மட்டும் நகரும்.

கே: தரையில் படுத்து, மரத்தில் ஏறி என்று ஏன் இப்படிக் கோணல்மாணலாக எடுக்கிறார்கள்? நேராக எடுத்தால் ஆகாதா? (கரூர்)

ப: பழைய கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து எடுத்தார்கள். உலகமே தொப்புள் உயரத்திலிருந்துதான் தெரிந்தது. அலெக்சாண்டர் ரோட்சென்கோ என்ற ரஷ்யக் கலைஞர் இந்தத் தொப்புள் கோணத்தை வெறுத்தார். 1925இல் மாஸ்கோவில் தான் குடியிருந்த கட்டடத்தையே அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தார். பால்கனிகள் ஏணிப்படியாகி வானத்துக்கு ஏறின. 1928இல் ஒரு பத்திரிகை அவரை வெளிநாட்டுக்காரர்களைக் காப்பியடித்தவர் என்று திட்டியது. அண்ணாந்து பார்க்கிறவரைத் தொப்புள் உயரத்து ஆட்களுக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

கே: எங்கள் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி அடுக்குமாடி. போர் அடிக்கிறது. (சோழிங்கநல்லூர்)

ப: வானத்தையும் தரையையும் வெட்டிவிட்டு எடுங்கள். மைக்கேல் வுல்ஃப் என்ற ஜெர்மானியர் ஹாங்காங்கில் அதைத்தான் செய்தார். தொடக்கமும் முடிவும் இல்லாமல் சன்னல் மேல் சன்னல். முதலில் ஜமுக்காளம் மாதிரித் தெரியும். கிட்டப் போனால் ஒரு சன்னலில் துவைத்த பனியன் தொங்கும். அந்தப் பனியனில்தான் படம் மூச்சு விடுகிறது.

கே: எடுத்த பிறகு நிழலைச் சேர்த்தால் மோசடிதானே? (காரைக்குடி)

ப: ஃபேன் ஹோ என்ற ஹாங்காங் கலைஞரின் புகழ்பெற்ற 1954ஆம் வருடப் படம். வெள்ளைச் சுவரோரம் ஒரு பெண் தலைகுனிந்து நிற்கிறாள். குறுக்காக ஒரு கறுப்பு முக்கோண நிழல் அவள் காலை நெருங்குகிறது. அந்தப் பெண் அவருடைய உறவுக்காரி, சொல்லி நிற்கவைத்தது. நிழல் டார்க் ரூமில் சேர்த்தது. அவர் மறைக்கவில்லை. இளமை கரைவதைச் சொல்ல நினைத்தார், நிழலை வரவழைத்தார். படம் அற்புதம்.

என் கட்சி வேறு. தெரு தானாகத் தருவதை வாங்கிக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம் அதிகம். சேர்த்தவர் சேர்த்தேன் என்று சொல்லிவிட்டால் சண்டையில்லை.

கே: ஏஐ ஒரு நொடியில் வரைந்து தருகிறதே? (ஓசூர்)

ப: தரட்டும். பால்காரர் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது அதில் வராது.

கே: தஞ்சைப் பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாதாமே? (தஞ்சாவூர்)

ப: தஞ்சாவூரிலேயே இருந்துகொண்டு எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள்! சாயங்காலம் நாலரைக்குப் போய்ப் பாருங்கள், பிராகாரத்தில் நீளமாக விழுந்து கிடக்கும். ராஜராஜன் கல்லை அடுக்கின அழகுக்கு இந்தக் கட்டுக்கதை தேவையில்லை. நிழலின் ஓரம் படிப்படியாக இறங்கும் விதம் இருக்கிறதே, அதை எடுங்கள்.

கே: சூரிய கிரகணத்தன்று மரத்தடியில் தரையெல்லாம் மோதிரமாக இருந்தது. பிரமையா? (திண்டுக்கல்)

ப: 2019 டிசம்பர் 26தானே? உங்கள் ஊர் மேலேயே போன கங்கண கிரகணம். சத்தியமான மோதிரங்கள்தான். இலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு சிறு இடுக்கும் ஊசித்துளைக் கேமரா. சாதாரண நாளில் மரத்தடியில் கிடக்கும் வட்ட வட்ட வெளிச்சம்கூட இடுக்கின் வடிவமில்லை, சூரியனின் படம். கிரகணத்தன்று சூரியன் வளையமானது, படமும் வளையமானது.

ஹம்பி விரூபாட்சர் கோயிலில் ஒரு இருட்டறைச் சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழுமே, அதுவும் இதே வித்தை. புளியமரம் பல காலமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது, நாம் அந்தப் படத்தின்மேல் துண்டைப் போட்டுப் படுத்திருந்தோம்.

கே: ஒரே கோடு இரண்டு பொருளாகத் தெரியும் படங்கள் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்புதானே? (கும்பகோணம்)

ப: பஸ் ஏறி நாலு கிலோமீட்டர் போங்கள், தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 12ஆம் நூற்றாண்டு. அங்கே ஒரு சிற்பம்: ஒரு தலை, இரண்டு உடல். இடப்பக்கத்தைக் கையால் மறைத்தால் ஒரு விலங்கு, வலப்பக்கத்தை மறைத்தால் இன்னொன்று. காளையும் யானையும். ஐரோப்பாவில் வாத்தா முயலா என்று புகழ்பெற்ற படம் ஜெர்மன் பத்திரிகையில் வந்தது 1892இல்.

தெருவில் இதே வேலையைச் சுவரொட்டி செய்யும். சினிமா நாயகனின் கை, கீழே டீ குடிப்பவர் தோளில் விழும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே கை.

கே: மணல் கால்தடத்தைப் படம் எடுத்துத் தலைகீழாகப் பார்த்தேன். பள்ளம் மேடாகிவிட்டது! (ராமேஸ்வரம்)

ப: வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்பது மூளையின் பிறவி நம்பிக்கை. படத்தைத் திருப்பினீர்கள், மூளை சூரியனைத் திருப்ப மறுத்து மணலைத் திருப்பிவிட்டது.

கே: முன்பின் தெரியாதவர்களை வெறும் வடிவமாக்கிப் படம் எடுப்பது நியாயமா? (பாளையங்கோட்டை)

ப: வந்த கேள்விகளிலேயே கனமானது இது. நான் முதலில் புகழ்ந்த ஸ்ட்ராண்டே 1916இல் கேமராவின் பக்கவாட்டில் பொய் லென்ஸ் பொருத்தி, வேறு பக்கம் பார்ப்பது போல நடித்து நியூயார்க் ஏழைகளை எடுத்தார். கழுத்தில் அட்டை மாட்டிய பார்வையற்ற பெண்ணின் படம் அப்படி வந்ததுதான். மகத்தான படம். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாளை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு உறுத்துகிறது.

நான் கடைப்பிடிப்பது இதுதான். நிழல், முதுகு, குடை, தூரத்துப் புள்ளி என்றால் எடுக்கிறேன். முகம் தெரிந்தால் எடுத்தபின் போய்க் காட்டுகிறேன். பாரிமுனையில் மூட்டை சுமப்பவர் ஒருவரை, சாக்குகளின் கோட்டுக்கு நடுவே ஒரு வளைவாக எடுத்தேன். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'சாக்கு நேரா அடுக்கியிருக்கேன்ல?' என்றார். நான் வடிவம் என்று நினைத்தது அவருடைய வேலைத்திறன்!

கே: ஓரத்தை வெட்டிச் சரிசெய்யலாமா? (புதுச்சேரி)

ப: வெட்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன். ஆனால் 1932இல் பாரிஸின் சேன் லாசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கின தண்ணீரைத் தாண்டும் மனிதரைப் பலகை இடுக்கின் வழியே எடுத்தார். பலகையும் படத்தில் விழுந்தது. வெட்டினார். தாண்டுகிறவர், தண்ணீரில் அவர் தலைகீழ் உருவம், பின்னால் சுவரொட்டியில் அதே போலத் தாவும் நடனக்காரர், மூன்றும் தப்பின. விரதம் இருப்பவருக்கும் பாயசத்துக்கு ஒரு நாள் மன்னிப்பு உண்டு.

கே: எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்பது? (வேலூர்)

ப: டீக்கடைக்காரர் 'சார், இன்னொரு டீ?' என்று மூன்றாம் முறை கேட்கும்வரை.

கே: என் கணவர் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார், ஒருவருக்கும் காட்டுவதில்லை. (ஆவடி)

ப: சிகாகோவில் விவியன் மேயர் என்ற ஆயாம்மா. பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்தார். கடைக் கண்ணாடியில் தன் பிம்பம், புல்வெளியில் தொப்பியோடு தன் நிழல். பல சுருள்களைக் கழுவிப் பார்க்கக்கூட இல்லை. பெட்டிகள் வைத்திருந்த கிடங்குக்கு வாடகை பாக்கி. 2007இல் ஏலம் போயின. 2009இல் அவர் இறந்தார். புகழ் அதற்குப் பிறகுதான் வந்தது. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'காட்டுங்க' என்று கேளுங்கள் அம்மா. கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

கே: மாமா, நிழலே இல்லாத நேரம் உண்டா? எங்கள் சார் உண்டு என்கிறார். (ஏழாம் வகுப்பு, ராமநாதபுரம்)

ப: சார் சொன்னது சரி. நம் ஊர்களில் வருடத்துக்கு இரண்டு நாள் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். தெற்கே வர வர ஏப்ரலில் முந்திக்கொள்ளும். உங்கள் ஊரில் சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டி வரும். பள்ளிக்கூடம் லீவு.

பன்னிரண்டேகால் மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போ. செருப்புப் போட்டுக்கொள், தரை சுடும். தம்பியை நிற்கவைக்காதே, ஆடுவான். ஒரு சொம்பை வை. அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சொம்பு தரையில் நிற்கிறதா, மிதக்கிறதா என்று படத்தைப் பார்த்தவர்களால் சொல்ல முடியாது. எடுத்ததும் கீழே ஓடு, மாங்காய்ப் பச்சடி தயாராக இருக்கும்.